கம்பத்தின் நேர்மை

பிரிஞ்சாங் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் பொழுது விடிவது மூடுபனிக்குள்ளேதான். சரிவுகளில் தேயிலைச் செடிகள் கண்ணுக்குப் புலப்படுமுன்பே, அவற்றின் மேலாக வரிசைப்பட்டு நிற்கும் மின்கம்பங்களின் தலைகள் புலப்பட்டுவிடும். எங்கள் தோட்டப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அக்கம்பங்களையே வழித்துணையாகக் கொண்டு நடப்பவர்கள். "நாலாவது கம்பத்துக்கிட்ட நில்லு" என்றால் எந்தப் பிள்ளைக்கும் இடம் விளங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, வளைவுல இருக்கிற கம்பம் சாஞ்சிருக்கே, விழுந்திடுமா?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். பாதை திரும்பும் இடத்தில் நின்ற அந்த மரக்கம்பம், நன்றாகத் தெரியும்படி வெளிப்பக்கம் சாய்ந்தே இருந்தது. அதற்கு அடுத்ததாக, பள்ளி வாயிலுக்கு நேர் கீழே நின்ற கம்பமோ நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்து நின்றது. சாய்ந்த கம்பத்தைப் பற்றி அன்றே உரியவர்களுக்குக் கடிதம் எழுதினேன். நிமிர்ந்த கம்பத்தைப் பற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை.

அக்கடிதத்தில் நான் செய்த பிழை யாது என்பதைப் பின்னர்க் கூறுவேன். ஒரு மரக்கம்பம் எவ்வளவு நேராக இருத்தல் வேண்டும், எவ்வளவு நேராக நிற்றல் வேண்டும் என்பதற்கு விதிகள் உண்டா, உண்டெனில் அவை எக்காரணம் பற்றி எழுந்தன என்பதை முதற்கண் காண்போம். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் அறிவியல் பாடமும் உண்டு. கணக்குப் பாடமும் உண்டு. எதிர்பாராத வகையில் இலக்கணப் பாடமும் உண்டு.

எழுநூறு கம்பங்கள்

1843ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி அமைக்க முற்பட்ட சாமுவேல் மோர்ஸ், முதலில் கம்பிகளை ஈயக் குழாயினுள் இட்டு நிலத்தில் புதைக்கவே முயன்றார். குழாய்க்குள் மின்காப்பு கெட்டு, அம்முயற்சி தோற்றது. வேறு வழியின்றிக் கம்பங்களை நட்டு, அவற்றின் மேல் கம்பியைக் கட்டுவதென முடிவாயிற்று. 1844ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எழுநூறு கம்பங்கள் தேவை என்னும் விளம்பரம் செய்தித்தாளில் வெளிவந்தது. பட்டை உரிக்காத செஸ்நட் மரம். அடி விட்டம் எட்டு அங்குலத்திற்குக் குறையாதது. நுனி விட்டம் ஐந்து அல்லது ஆறு அங்குலம். 680 கம்பங்கள் 24 அடி நீளம், 20 கம்பங்கள் 30 அடி நீளம். இவ்வளவும் கூறிய விளம்பரம், கம்பங்கள் நேரானவையாகவும் பழுதற்றவையாகவும் இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நீளத்திற்கு எண் உண்டு. பருமனுக்கு எண் உண்டு. நேர்மைக்கு மட்டும் எண் இல்லை. எது நேர் என்பது விற்பவன் கண்ணுக்கு ஒன்றாகவும் வாங்குபவன் கண்ணுக்கு வேறாகவும் தோன்றும். காட்டில் வளர்ந்த எந்த மரமும் கோடு போட்டாற்போல் வளர்வதில்லை. ஆகவே, "நேரான மரம்" என்று கேட்பவன் உண்மையில் கேட்பது, "பொறுக்கத்தக்க அளவு வளைந்த மரம்" என்பதேயாம். அந்தப் பொறுக்கத்தக்க அளவை எண்ணால் கூறுவதற்கு எழுந்தவையே பிற்காலத்துத் தரநிலைகள்.

இந்தியாவில் ஓஷாக்னசி என்னும் மருத்துவர் 1851இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் நோக்கித் தந்திப் பாதை அமைத்தபோது, தார் பூசிய மூங்கில்களை நட்டு, இடையிடையே சால், தேக்கு முதலிய வன்மரக் கால்களை நிறுத்தி வலுவூட்டினார். மலாயாவில் பேராக் மாநிலத்தில் 1870களில் தந்தி தலைகாட்டியது. நாம் வாழும் இம்மலைநாட்டை வில்லியம் கேமரன் அளவையிட்டது 1885இல். போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். 1949இல் அமைந்த மத்திய மின்சார வாரியம், 1965இல் தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. இன்று கான்கிரீட்டுக் கம்பங்களும் எஃகுக் கம்பங்களும் பெருகிவிட்டன; எனினும் தோட்டப்புறங்களில் பழைய மரக்கம்பங்களை இன்னும் காணலாம்.

இருவகை நேர்மை

மரக்கம்பத்தின் நேர்மை என்பது ஒன்றன்று, இரண்டு. ஒன்று, மரத்தின் உடலில் உள்ள நேர்மை. இது காட்டிலேயே முடிவாகிவிடுவது. மற்றொன்று, நட்ட பின் நிற்கும் நிலையில் உள்ள நேர்மை. இது நடுபவர் கையில் உள்ளது. முன்னதன் குறையை வளைவு எனலாம். பின்னதன் குறையைச் சாய்வு எனலாம். வளைந்த கம்பம் சாயாமல் நிற்கலாம். வளையாத கம்பம் சாய்ந்து நிற்கலாம். இரண்டையும் பொதுப்படக் "கோணல்" என்று கூறிவிடுவதால்தான் குழப்பம் நேர்கிறது.

மரத்தின் உடல் நேர்மைக்கு உலகில் பல தரநிலைகள் உள. அமெரிக்காவில் ஓ 5.1 என்னும் எண்ணுடையது, பிரிட்டனில் வழங்கிவந்த 1990 என்னும் எண்ணுடையது (இது ஆண்டைக் குறிப்பதன்று, தரநிலையின் வரிசை எண்), இந்தியாவில் 876 என்னும் எண்ணுடையது, ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாக 2010இல் வந்த 14229 என்னும் எண்ணுடையது. இவை யாவும் மரக்கம்பங்களுக்கென்றே அமைந்தவை. இவற்றுள் அமெரிக்க விதி எளிதில் விளங்குவது ஆதலால் அதனை எடுத்துக்கொள்வோம்.

வளைவு, நெளிவு, முடக்கு

ஒரே பக்கமாக வில்போல் வளைந்திருப்பது முதல் வகை. இதனை வளைவு என்போம். நிலமட்டத்தில் கம்பத்தின் பக்கத்திலிருந்து நுனியின் பக்கம் வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூலுக்கும் மரத்திற்கும் இடையே உள்ள இடைவெளி, பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்னும் கணக்கை எங்கும் மீறலாகாது. இஃது ஐம்பது அடிக்கு மேற்படாத கம்பங்களுக்கு உரிய அளவு. அதனினும் நெடியவற்றிற்கு வேறு விதி உண்டு. சான்றாக, 40 அடிக் கம்பம் ஒன்றில் 6 அடி மண்ணுக்குள் போயிற்று என்று கொள்வோம். வெளியே நிற்பது 34 அடி. அது வளையக்கூடிய பேரளவு 3.4 அங்குலம், ஏறக்குறைய நான்கு விரற்கடை.

இரு பக்கமும் மாறி மாறிப் பாம்புபோல் வளைந்திருப்பது இரண்டாம் வகை. இதனை நெளிவு என்போம். இதற்கு அங்குலக் கணக்கு இல்லை. அழகான வேறொரு சோதனை உண்டு. நிலமட்டத்தில் கம்பத்தின் நடுப்புள்ளியையும் நுனியின் நடுப்புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணைப்பதாகக் கற்பனை செய்க. அக்கோடு எந்த இடத்திலும் மரத்தைவிட்டு வெளியே வந்துவிடலாகாது. வளைந்த கரும்பினுள் நேரான ஈர்க்கு ஒன்றைச் செருகுவது போன்றது இது. ஈர்க்கு தோலைக் குத்திக்கொண்டு வெளிவராமல் மறுமுனை சேருமாயின், கரும்பு ஏற்றுக்கொள்ளப்படும். பருத்த மரம் மிகுதியாக நெளியலாம். மெலிந்த மரம் அவ்வளவு நெளிய இயலாது என்பது இவ்விதிக்குள் தானே அடங்கிவிடுகின்றது.

குறுகிய இடத்திற்குள் முழங்கை மடங்கினாற்போல் திடீரென ஒடிந்து திரும்புவது மூன்றாம் வகை. இதனை முடக்கு என்போம். ஐந்து அடி நீளத்திற்குள், அவ்விடத்துச் சராசரி விட்டத்தில் பாதிக்கு மேல் விலகும் முடக்கை அவ்விதி ஏற்பதில்லை. வளைவுக்கு இடம் தந்த விதி முடக்குக்கு ஏன் இடம் தரவில்லை? வளைவில் மரத்தின் நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். முடக்கில் நார் சட்டென்று திசை மாறும். ஆங்கே பெரும்பாலும் பெருங்கணுவோ பழைய காயமோ இருக்கும். சுமை ஏறும்போது கம்பம் முறியத் தொடங்கும் இடம் அத்தகையதே.

இவற்றோடு முறுக்கு என்பதும் ஒன்றுண்டு. சில மரங்களின் நார் கயிறு திரித்தாற்போல் தண்டைச் சுற்றிச் செல்லும். வெட்டிய நாளில் நேராகத் தோன்றும் அம்மரம், நட்ட பிறகு உலர உலரத் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். உச்சியில் கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அதனால் திசை திரும்பிவிடும். ஆகவே, முறுக்குக்கும் வரம்பு கூறுகின்றன தரநிலைகள்.

வளைந்த மரத்தை நடுவோர்க்கு ஒரு கைமுறை உண்டு. வளைவு கம்பி செல்லும் திசையிலேயே விழும்படி கம்பத்தைத் திருப்பி நடுவர். அப்பொழுது கம்பி வரிசையோடு நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கம்பம் நேராகவே தோன்றும். உச்சியும் வரிசையைவிட்டு விலகாது. இது வெறும் கண்கட்டு வித்தையன்று. பக்கவாட்டில் வீசும் காற்றுக்கு எதிராக ஒரு கோட்டில் நிற்பதே நேர்க்கம்பத்தின் பணி. கம்பியின் திசையிலோ, இருபுறத்துக் கம்பிகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிக் கம்பத்தைத் தாங்கிக்கொள்கின்றன.

தன்வினையும் பிறவினையும்

நிற்க. என் கடிதத்திற்கு வருவோம். கடிதம் போய்ச் சில வாரங்கள் சென்றபின் இருவர் வந்தனர். மூத்தவர் தமிழர். கம்பத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்; இழுகம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, இது சாஞ்ச கம்பம் இல்லீங்க; சாய்ச்சு நட்ட கம்பம்" என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குத் தன்வினையும் பிறவினையும் கற்பித்து வருபவன் நான். சாய்ந்தது தன்வினை, சாய்த்தது பிறவினை. கம்பம் தானே சாய்ந்ததா, ஒருவர் சாய்த்து நட்டாரா என்னும் வேறுபாடு ஓர் உயிர்ப்பிரச்சினையாக இருக்கும் என்று பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எவரும் கூறியதில்லை.

அவர் கூறியதன் விளக்கம் இது. நேர்வரிசையில் நிற்கும் கம்பத்தை இருபுறத்துக் கம்பிகளும் சமமாக இழுக்கின்றன. இழுப்பு ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால், பாதை திரும்பும் இடத்தில் உள்ள கம்பத்தை இரு கம்பிகளும் சேர்ந்து வளைவின் உட்புறம் நோக்கி இழுக்கின்றன. கம்பி வரிசை 60 பாகை திரும்புமாயின், உட்புறம் நோக்கிய மொத்த இழுப்பு ஒரு பக்கத்துக் கம்பிகளின் முழு இழுப்புக்குச் சமம். சமபக்க முக்கோணம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து இதனைப் பிள்ளைகளுக்கு மெய்ப்பிக்கலாம். இந்த இழுப்பைத் தாங்க வெளிப்புறத்தில் ஸ்டே என்று நம்மவர் கூறும் இழுகம்பியைக் கட்டுவர். அதனோடு, கம்பத்தையும் இழுப்புக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்த்து நடுவர். கம்பிகளின் இழுப்பு ஏறும்போது மண் சிறிது இறுகும்; மரம் சிறிது வளையும்; இழுகம்பி சிறிது நீளும். இவையனைத்தும் கழிந்த பின்னும் கம்பத்தின் தலை உட்புறம் போய்விடாமல் இருத்தற்கே அச்சாய்வு. அமெரிக்க நாட்டுப்புற மின்னமைப்பு விதிகளும், கம்பங்கள் செங்குத்தாக நிற்றல் வேண்டும் என்று கூறிவிட்டுத் திருப்பங்களிலும் வரிசை முடியும் இடங்களிலும் இழுப்புக்கு எதிராகச் சாய்த்து நடுதல் வேண்டும் என்று விலக்கும் அளிக்கின்றன.

ஆகவே, திருப்பத்தில் நிற்கும் கம்பத்தைப் பார்ப்பவர் கேட்கவேண்டிய கேள்வி "சாய்ந்திருக்கிறதா?" என்பதன்று, "எப்பக்கம் சாய்ந்திருக்கிறது?" என்பதே. இழுகம்பியின் பக்கமாக, அதாவது வளைவின் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தால் அது பெரும்பாலும் நட்டவர் செய்தது. மின்கம்பிகளின் பக்கமாக, வளைவின் உட்புறமாகச் சாய்ந்திருந்தால் அது கம்பம் தோற்றுக்கொண்டிருப்பதன் அடையாளம். நேர்வரிசையில் இழுகம்பியே இல்லாமல் நிற்கும் கம்பம் எப்பக்கம் சாய்ந்தாலும் அது தன்வினையே. உரியவர்க்கு அறிவித்தல் வேண்டும்.

ஆழமும் சரிவும்

சாய்வின் தீங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. தரைக்கு மேல் 25 அடி நிற்கும் கம்பம் ஒரு பாகை சாய்ந்தால், உச்சி ஏறக்குறைய ஐந்தேகால் அங்குலம் விலகும். உச்சியில் 200 பவுண்டு எடை இருப்பதாகக் கொண்டால், அச்சாய்வினால் அடிமரத்தில் விளையும் முறிப்பு விசை 87 அடி-பவுண்டு அளவே. ஆனால், அதே உச்சியில் 100 பவுண்டு பக்க இழுப்பு ஏற்பட்டால் விளைவது 2,500 அடி-பவுண்டு. எனவே, சிறு சாய்வு தன்னளவில் கம்பத்தை முறித்துவிடாது. பின் ஏன் விதிகள் சாய்வைப் பொருட்படுத்துகின்றன? காய்ச்சல் தானே நோயன்று, நோயின் அறிகுறி. சாய்வும் அத்தகையதே. அடியில் மண் இளகியதோ, இழுகம்பி தளர்ந்ததோ, மரம் அழுகியதோ ஏதோ ஒன்று நேர்ந்திருக்கின்றது என்பதை அது கூறுகின்றது. அன்றியும், கம்பி செல்லும் திசையில் கம்பம் சாய்ந்தால் ஒரு பக்கத்துக் கம்பி தொய்ந்து, கீழே நடப்போர் தலைக்கு அருகில் வந்துவிடும்.

நிமிர்ந்து நிற்பதற்கு வேர் ஆழம். மரத்திற்கு வேர் உண்டு. கம்பத்திற்குக் குழிதான் வேர். நீளத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் இரண்டடியும் என்பது பலநாள் வழங்கிவரும் கைக்கணக்கு. 30 அடிக் கம்பத்திற்கு 5 அடி. 40 அடிக் கம்பத்திற்கு 6 அடி. மண் இளகலாயின் இன்னும் ஆழம் வேண்டும். குழியில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டால் போதாது. அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு கொண்டு இறுக்குதல் வேண்டும்.

நம்மைப் போன்ற மலைவாழ்நர்க்கு உரிய விதி ஒன்று இதில் உண்டு. சரிவான நிலத்தில் குழியின் ஆழத்தை மேற்பக்கத்திலிருந்து அளக்கலாகாது. தாழ்ந்த பக்கத்திலிருந்தே அளத்தல் வேண்டும். இரண்டடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் இரண்டடி அகலக் குழி ஒன்றைத் தோண்டினால், மேற்பக்கத்தில் ஐந்தடி காட்டும் குழி, கீழ்ப்பக்கத்தில் நான்கடியே காட்டும். கம்பம் விழுவதோ கீழ்ப்பக்கம். தாங்கவேண்டிய மண் குறைவாக உள்ள பக்கம்தான் உண்மையான ஆழத்தைக் கூறும். 2014ஆம் ஆண்டு நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவையும் சேற்று வெள்ளத்தையும் கண்ட நமக்கு, மண் நகரும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மண் நகர்ந்ததை அறிவது எப்படி? பிரிட்டனில் இதற்கு எளிய ஏற்பாடு ஒன்று உள்ளது. கம்பத்தின் அடியிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் (முன்னாளில் பத்தடி உயரத்தில்) மரத்திலேயே ஒரு குறி வெட்டுவர். அமெரிக்காவிலும் ஐம்பதடி வரையுள்ள கம்பங்களில் பத்தடியில் முத்திரை இடுவர். கம்பத்தை ஒன்றரை மீட்டர் புதைத்தால், குறி தரைக்கு மேல் ஒன்றரை மீட்டரில் நிற்கும். பல்லாண்டு கழித்து வருபவர், மண்ணைத் தோண்டாமலேயே குறியின் உயரத்தைப் பார்த்து, எவ்வளவு ஆழம் புதைந்துள்ளது என்று கூறிவிடலாம். குறி மேலேறி நின்றால் மண் அரித்துப் போயிற்று. குறி கீழிறங்கினால் மேலிருந்து மண் வந்து மூடிற்று. தன் குறையைத் தானே கூறும்படி ஒரு பொருளைச் செய்து வைப்பது எவ்வளவு அறிவான செயல்!

நிமிர்ந்தது வீழ்ந்தது

அடுத்த நவம்பர் வந்தது. ஒரு வாரம் விடாத மழை. ஒரு நாள் விடியற்காலை நான்கு மணி அளவில் பெரும் ஓசை கேட்டு லயத்திலிருந்தோர் ஓடிவந்தனர். பிள்ளைகள் நடக்கும் பாதையின் குறுக்கே ஒரு கம்பம் கம்பிகளோடு கிடந்தது. திருப்பத்தில் சாய்ந்து நின்ற கம்பம் அன்று; பள்ளி வாயிலின் கீழே நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்து நின்ற கம்பமே விழுந்து கிடந்தது. மூன்று மணிநேரம் கழித்து விழுந்திருந்தால் அவ்வழியில் அறுபது பிள்ளைகள் வந்திருப்பர். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உடல் நடுங்குகின்றது.

முறிந்த இடத்தைப் பகலில் கண்டேன். தரைக்கு மேலே பார்க்க மரம் நன்றாகவே இருந்தது. தரைமட்டத்திற்குச் சற்றுக் கீழே, புல்லும் பாசியும் மூடிய இடத்தில், சுற்றிலும் ஊறவைத்த பலகைபோல் விரலால் கிள்ளக்கூடிய நிலையில் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு மனிதன் தொடைப் பருமனுக்கு வன்மையான மரம் எஞ்சியிருந்தது. நெடுநாள் எவரும் அடியைத் தோண்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வந்த இருவரையும், "பக்கத்துக் கம்பத்தையும் பாருங்கள்" என்று நானும் கேட்கவில்லை. பார்க்க நேராக இருந்ததே என்று இருந்துவிட்டேன்.

அம்பு நேரானது, யாழ் வளைந்தது. ஆயினும் இரண்டின் செயல் வேறு என்று காட்டித் தோற்றத்தை நம்பாதிருக்கச் சொன்ன வள்ளுவரை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குபவன் நான். விளக்குவது வேறு, நடந்துகொள்வது வேறு என்பதை அக்கம்பம் எனக்குக் காட்டிற்று.

புறக்காழும் அகக்காழும்

நடுவில் வன்மரம் எஞ்சியிருந்தும் கம்பம் ஏன் முறிந்தது? உருண்டையான கம்பத்தின் வளைதல் வலிமை, விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பத்து அங்குல விட்டமுள்ள கம்பத்தில் சுற்றிலும் அரை அங்குலம் அழுகினால் விட்டம் ஒன்பதாகும். பத்தில் ஒரு பங்குதானே போயிற்று என்று எண்ணலாம். ஆனால், வலிமையில் நூற்றுக்கு 27 பங்கு போய்விடும். அதற்கு மாறாக, அதே கம்பத்தின் நடுவில் ஐந்து அங்குல விட்டத்திற்கு முழுவதும் பொந்தாகிவிட்டாலும், புறம் வன்மையாக இருக்குமாயின் குறையும் வலிமை நூற்றுக்கு ஆறேகால் பங்கே. வளையும் பொருளில் சுமை முழுவதும் புறத்தோல் அருகில்தான் ஏறுகின்றது. நடுமரம் பெரும்பாலும் சும்மா இருக்கின்றது.

தொல்காப்பியர் மரபியலில் வன்மை புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் பகுத்தது நம் ஆசிரியர்கள் அறிந்ததே. காழ் என்பது வயிரம். பனையும் மூங்கிலும் புறக்காழ் உடையவை. தேக்கும் சாலும் அகக்காழ் உடையவை. பொறியியல் கண்கொண்டு பார்த்தால், வளைவைத் தாங்குவதற்கு இயற்கை அமைத்த வடிவம் புறக்காழே. தந்தியின் தொடக்க நாளில் மூங்கிலை நட்டவர்கள் அறியாமையால் நட்டவர்கள் அல்லர். அகக்காழ் மரத்திலோ, வலிமை வேண்டிய இடமாகிய புறத்தில் இருப்பது வெளிறு. அழுகலும் கரையானும் முதலில் தின்பது அதனைத்தான்.

இக்குறையைத் தீர்க்கவே மரத்திற்கு மருந்தேற்றும் முறை எழுந்தது. வெளிறு மருந்தை நன்றாக உறிஞ்சும். வயிரம் எளிதில் உறிஞ்சாது. எனவே, மருந்தேறிய வெளிறு, அகக்காழ் மரத்திற்குச் செயற்கைப் புறக்காழ் ஆகின்றது. 1838இல் ஜான் பெத்தெல் என்பார் மூடிய உருளைக்குள் மரத்தை வைத்துக் கிரியோசோட் என்னும் தாரெண்ணெயை அழுத்தத்தால் ஏற்றும் முறைக்கு உரிமை பெற்றார். 1933இல் டேராடூன் வனவியல் ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்னும் இந்திய அறிஞர், செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த நீர்மருந்து ஒன்றைக் கண்டார். செம்பு பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக் பூச்சிகளைக் கொல்லும். குரோமியம் அவ்விரண்டும் மழையில் கரைந்து போகாதபடி மரத்தோடு பிணைக்கும். உலகெங்கும் பரவிய இம்மருந்தேறிய கம்பம் இளம்பச்சை நிறம் காட்டும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமை. ஆர்சனிக் என்பது பாடாணம். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டு மரவேலைகளுக்கும் பிள்ளைகளின் விளையாட்டுத் திடல்களுக்கும் இம்மருந்தேறிய மரத்தைச் செய்வது நிறுத்தப்பட்டது. கம்பங்கள் போன்றவற்றிற்கு விலக்கு இருந்தது. கழித்துப்போட்ட கம்பத்தைத் துண்டு போட்டு அடுப்பெரிப்பது தோட்டங்களில் வழக்கமாக நடப்பது. அது கூடாது. புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும். கீரைப் பாத்திக்கு அணையாக வைப்பதும், பிள்ளைகள் உட்காரப் பலகையாக அறுப்பதும் கூடாது.

பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

கம்பம் நேராக நிற்கின்றதா என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். அதுவும் இல்லையெனில் நூலில் கட்டிய சிறுகல் போதும். கம்பத்திலிருந்து எட்ட நின்று, நூலைக் கையில் தொங்கவிட்டு, கம்பத்தின் நடுவோடு பொருந்தப் பார்க்கவேண்டும். கம்பம் அடி பருத்து நுனி சிறுத்தது ஆதலால், அதன் ஓரம் நூலோடு ஒட்டி நில்லாது. அடியிலும் நுனியிலும் நூலுக்கு இடப்புறமும் வலப்புறமும் உள்ள மரத்தின் அளவு ஒத்திருந்தால் கம்பம் செங்குத்து. ஒரு திசையிலிருந்து பார்த்தால் போதாது. அதற்குச் செங்கோணமான மற்றொரு திசையிலிருந்தும் பார்த்தல் வேண்டும். நம் பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ சாய்ந்த கம்பம் நம் கண்ணுக்கு நேராகவே தோன்றும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிவர்.

சாய்வைக் கண் காட்டும். அழுகலைக் கண் காட்டாது. தொழிலறிந்தவர் அடிமரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். நல்ல மரம் கணீரென்னும். பொந்தும் அழுகலும் உள்ள மரம் பொத்தென்னும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கும் நம் பாட்டிமார்க்கு இவ்வித்தை புதிதன்று. அதன் பின் அடியைச் சுற்றி மண்ணை அகற்றிக் கூரிய கம்பியால் குத்திப் பார்ப்பர். ஆயினும் இவை பயிற்சி பெற்றவர் வேலை. பிள்ளைகள் தட்டவும் தோண்டவும் கூடாது. இழுகம்பியைப் பற்றி ஆடவும் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பி எதுவாயினும் அதில் மின்சாரம் இருப்பதாகவே கொண்டு எட்ட நிற்றல் வேண்டும். பிள்ளைகள் செய்யவேண்டியது பார்ப்பது, எழுதி வைப்பது, பெரியவர்களிடம் கூறுவது ஆகிய மூன்றுமே. பெரியவர்கள் செய்யவேண்டியது, சாய்ந்த கம்பத்தைப் பற்றி மட்டுமன்றிப் பழங்கம்பம் ஒவ்வொன்றின் அடியையும் பார்க்கும்படி எழுதிக் கேட்பது.

விழுந்த இடத்தில் இப்பொழுது கான்கிரீட்டுக் கம்பம் நிற்கின்றது. திருப்பத்தில் உள்ள மரக்கம்பம் அன்று போலவே வெளிப்புறம் சாய்ந்து நிற்கின்றது. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை நூலும் கல்லுமாக அங்கே அழைத்துச் செல்கின்றேன். "இது சாய்ந்ததா, சாய்த்ததா?" என்று கேட்கின்றேன். விடை கூற அவர்கள் முதலில் இழுகம்பி எப்பக்கம் என்று தேடுகின்றனர். பிறகு, நான் கேளாமலே, குனிந்து கம்பத்தின் அடியைப் பார்க்கின்றனர்.